ஞாயிறு திரையிடல்: 'நண்பனின் வீடு எங்கே?'

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' என்னும் படத்தைப் பார்க்கவிருக்கிறோம்.

வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதிவந்த நெமத்சாதேயை, இன்னொரு முறை இப்படிச் செய்தால் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் எச்சரிக்கிறார். அவனுடைய நோட்டும் தன்னுடையதும் ஒரே மாதிரி இருந்ததால் அதையும் சேர்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்ட அகமது, கோக்கர் கிராமத்திலிருந்து குன்றின் மீது வளைந்து வளைந்து ஏறும் பாதையில், நண்பனைத் தேடிப் போஷ்தேவுக்கு ஓடுகிறான்.

இப்படத்தில் வரும் பெரியவர்கள் கொடியவர்கள் அல்லர். சிறுவன் சொல்வது அவர்கள் காதில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். அம்மா வேலைக்கு நடுவே வீட்டுப்பாடத்தை எழுதச் சொல்கிறார், உடனே குழந்தையையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். தாத்தாவோ, தம்மிடம் சிகரெட் இருந்தும், பேரனுக்குக் கீழ்ப்படிதல் பழக வேண்டும் என்பதற்காகவே அவனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். கதவு வியாபாரி ஒருவர், அகமது தயங்கித் தயங்கி மறுத்தும், கணக்கெழுத அந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

படம் ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவுதான். முடிவை அறிந்தவர்கள் தயவுசெய்து குழுவில் வெளியிட வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அவசியம் அழைத்து வாருங்கள். உரையாடலில் அவர்களை முதலில் பேச விடுவோம்.