நீர்பாய்ச்சிக்கு நெல்லாகக் கூலி கொடுங்கள்

மேலூர்ப் பக்கத்து எங்கள் கண்மாய்ப் பாசனச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இந்தப் போகமும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் பயிர் கருகிவிட்டது. கூட்டத்தில் எல்லோரும், வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சியைத் திட்டித் தீர்த்தீர்கள். ஆளை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறீர்கள். ஆகாது. அவருக்குக் கூலி கொடுக்கிற முறையை மாற்றுங்கள்.

முன்பெல்லாம் களத்துமேட்டிலேயே நீர்பாய்ச்சிக்கு நெல் அளந்துவிடுவோம். விளையாத வயலிலிருந்து அவருக்கு ஒரு மரக்காலும் கிடைக்காது. அதனால் ராத்திரியிலும் மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலில் நடப்பார். கடைசி வயலில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மடையை அடைப்பார். இப்போது மாதச் சம்பளம், அதுவும் உங்கள் கையால். கடைமடை காய்ந்தால் அவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர் முகம் சுளித்தால் வேலையே போய்விடும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தலைமடைக்குத்தான் தண்ணீர் விடுவேன்.

சீனாவில் சியாவ்காங் என்றொரு சிற்றூர். கூட்டுப்பண்ணைக் காலத்தில் விழுந்து விழுந்து உழைத்தவருக்கும் சும்மா நின்றவருக்கும் கிட்டத்தட்ட ஒரே பங்குதான். 1978-ல் 18 பேர் ரகசியமாகக் கூடி, நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். அரசுக்குச் சேர வேண்டியது போக மிச்சம் அவரவருக்கு என்று எழுதிக் கைரேகை வைத்தார்கள். மாட்டினால் சிறைதான். ஆனால் மறு வருஷமே விளைச்சல் பல மடங்கானது. மண்ணும் ஆட்களும் பழையபடியேதான் இருந்தார்கள்.

நிலத்தைப் பிரிக்கலாம், கண்மாயைப் பிரிக்க முடியுமா என்பீர்கள். நியாயம்தான். நேபாளத்துப் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கியது இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அதை வகுப்பதிலும் பங்கிருந்தால், மக்களே பொதுச் சொத்தைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று காட்டியவர் அவர். நம் குழுவில் கடைமடைக்காரர் ஒருவர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பலருக்குக் கிணறு இருக்கிறது, இலவச மின்சாரம் இருக்கிறது. கண்மாய் தூர்ந்தாலும் மோட்டார் ஓடும். அப்புறம் கரையைப் பார்க்கவோ, உபரி நீர் வழியும் கலுங்கைப் பழுதுபார்க்கவோ யாருக்கு அவசரம்? அந்தக் கிணற்றில் ஊறுவதும் கண்மாய்த் தண்ணீர்தான் என்பது வறண்ட வருஷத்தில்தான் உறைக்கிறது.

முழுக் கூலியையும் நெல்லாகக் கொடுக்கச் சொல்லவில்லை. மழை பொய்த்த வருஷம் அந்த மனிதர் பட்டினி கிடக்கக் கூடாது. பாதியைச் சம்பளமாகக் கொடுங்கள். மீதியை ஒவ்வொரு வயலின் அறுவடையிலிருந்தும் நெல்லாக அளப்போம். முறைத்தண்ணீர் எந்த மடைக்கு எப்போது என்று முடிவெடுக்கும் இடத்தில் கடைமடையிலிருந்து இரண்டு பேரை உட்கார வையுங்கள்.

பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்கு மேலே இருக்கிறவர்களுக்கு இருபோகம். நமக்கு ஒரே போகம், தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். ஆகவே கால்வாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே கூட்டத்தைக் கூட்டுங்கள். வரும்போது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விட்ட மீன்பாசி ஏலப் பணத்தின் கணக்கையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கடைமடை ஆயக்கட்டுதாரர் ஒருவர்