குழந்தையோடு கடைக்குப் போகிறவர்கள் டிராலியைத் திருப்பி விடுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் கண்ட கண்ட இடத்தில் விட்டுப்போன டிராலிகளைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எடுத்தவர் எடுத்த இடத்தில் விடக் கூடாதா என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு சின்னக் குழந்தைகளோடு நிற்கிறவரிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போவதில் பயனில்லை. அவருக்கு மனசில்லாமல் இல்லை. குழந்தையைத் தனியே விடாமல் இதைச் செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலும் சிக்கல், வேலைகளைச் செய்யும் வரிசையில் இருக்கிறது. காருக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையை உள்ளே உட்கார வைத்து பெல்ட் போடுகிறோம். பிறகு சாமான்களை ஏற்றுகிறோம். கடைசியில் காலி டிராலி கையில் நிற்கும். அப்போது இரண்டே வழி: குழந்தையைக் காரில் தனியே விட்டுவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போவது, அல்லது டிராலியை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்படுவது. குழந்தையை நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரிசையை மாற்றிவிட்டால் இந்தத் தர்மசங்கடமே வராது. சாமான் முதலில், டிராலி அடுத்து, குழந்தை கடைசியில். டிராலியைக் கொண்டுபோய் விடும் வரை குழந்தை அதன் இருக்கையிலேயே பெல்ட்டோடு இருக்கட்டும்.

இது கைகூட வேண்டுமானால் கார் நிறுத்தும்போதே யோசிக்க வேண்டும். எல்லோரும் கடை வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேடுகிறார்கள். குழந்தையோடு வருகிறவர் தேட வேண்டியது டிராலி விடும் இடத்தை ஒட்டிய இடம். அது வாசலிலிருந்து நாலு வரிசை தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. போகும்போது அங்கிருந்தே ஒரு டிராலியைக் காருக்கு அருகில் இழுத்து வந்து, குழந்தையைக் கார் இருக்கையிலிருந்து நேராக டிராலி இருக்கைக்கு மாற்றிவிடலாம். பார்க்கிங்கில் குழந்தை தரையில் கால் வைக்கவே வேண்டாம். திரும்பும்போது டிராலியை விட்டுவிட்டுக் குழந்தையோடு நடக்கும் தூரம் பத்தடி, இருபதடிதான் இருக்கும். எடுக்கும் டிராலியைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நடுங்கினாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெல்ட்டின் கொக்கி பூட்டாவிட்டாலோ அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். உள்ளே போய்ப் பாதிச் சாமான் ஏற்றிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

காரண்டை வந்ததும் டிராலியை எங்கே நிறுத்துவது என்பதில் பலர் கவனமாக இருப்பதில்லை. காரின் டிக்கி வண்டிகள் போகிற பாதையைப் பார்த்து இருந்தால், டிக்கிக்குப் பின்னால் டிராலியை நிறுத்துவது குழந்தையை நடுப்பாதையில் நிறுத்துவதற்குச் சமம். இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தள்ளி, பின் கதவு வழியாகப் பைகளை ஏற்றுங்கள், அல்லது அங்கிருந்து ஒவ்வொரு பையாக டிக்கிக்குக் கைமாற்றுங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகவே பார்க்கிங் தரையைக் கொஞ்சம் சரிவாகத்தான் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு போதும், டிராலி நகர. அதனால் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தி, ஒரு காலையோ இடுப்பையோ அதன் மேல் அண்டக்கொடுத்து வையுங்கள்.

இறக்கும் வரிசையும் முக்கியம். மேலே இருக்கும் லேசான பைகளை முதலில் எடுங்கள். அடியில் கிடக்கும் கனமான மூட்டையைக் கடைசியில் எடுங்கள். குழந்தை உட்காரும் இடம் கைப்பிடியை ஒட்டி, உயரத்தில், பின் சக்கரங்களுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே இருக்கிறது. முன்பக்கச் சுமை குறையக் குறைய டிராலி பின்னால் சாய்வது சுலபமாகிவிடும். அந்த நேரத்தில் மூத்தவன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் போதும், டிராலி குழந்தையோடு மல்லாந்துவிடும். பக்கவாட்டில் ஏறித் தொங்கினால் பக்கவாட்டில் சாயும். சின்ன விஷயமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, டிராலியால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பேர் என்று தெரிந்தது. அந்தக் காயங்களில் பத்தில் ஏழு, டிராலியிலிருந்து விழுந்ததால் வந்தவை. அடிபட்ட இடம் பெரும்பாலும் தலை. அதனால் கடைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் பெல்ட் போட்டே ஆக வேண்டும். இருக்கையில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். பொதுவாக அது 16 கிலோவை ஒட்டி இருக்கும். அதாவது நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கான இருக்கை இல்லை அது.

சாமான் ஏறியாயிற்று. காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையிலோ கழுத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் போட்டு, கைப்பையை டிக்கியில் வைத்து மூடியவர்கள் உண்டு. பிறகு குழந்தையோடேயே டிராலியை, அதை விடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் டிராலியின் முன்பக்கத்தைத் தடுப்புக் கம்பியில் முட்டவிட்டு, ஒரு காலால் சக்கரத்தை அண்டக்கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். பெல்ட்டைக் கழற்றியதும் அக்குளில் கைகொடுத்து வெடுக்கென்று மேலே இழுத்தால் செருப்பு கால் துளையில் மாட்டிக்கொள்ளும். குழந்தை முறுக்கிக்கொண்டு அழும். டிராலியும் கூடவே எழும்பி வரும். ஒரு கையால் முதுகை அணைத்து, இன்னொரு கையால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதங்களைத் துளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

டிராலியை வரிசைக்குள் தள்ளுவதற்கு முன் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் விரல் நசுங்கும். 1937-இல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மன் கொண்டுவந்த முதல் டிராலிகள் மடக்கு நாற்காலி மாதிரி மடங்குபவை; கூடைகளைத் தனியே கழற்றி அடுக்க வேண்டும். 1946-இல் கான்சஸ் சிட்டியின் ஆர்லா வாட்சன் பின்பக்கத்தை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும் கதவாக்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகும் டிராலியை வடிவமைத்தார். இன்றும் அதே ஏற்பாடுதான். பின்னால் வரும் டிராலியின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்கதவைத் தூக்கும். குழந்தை இருக்கையும் அப்போதே தட்டையாக மடங்கும். இருக்கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோ கசக்கிய பையோ கிடந்தால் அது மடங்காது, அடுத்தது உள்ளே போகாது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அரையும் குறையுமாக நின்று வரிசை பாதைக்கு நீளும். எனவே விடும் முன் இருக்கையைக் காலி செய்து, பெல்ட்டின் நுனியை உள்பக்கமாகப் போட்டுவிடுங்கள். வெளியே தொங்கினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தள்ளினால் நடுங்குகிற சக்கரங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சுற்றியிருப்பது பெரும்பாலும் நூல், தலைமுடி, பிளாஸ்டிக் நாடா.

நாணயம் போட்டு எடுக்கும் டிராலி என்றால், முன்னால் நிற்பதன் சங்கிலிச் சாவியை நம்முடையதன் பூட்டில் அழுத்தினால்தான் நாணயம் வெளியே வரும். அதை எடுக்கும் வேலையைப் பெரிய குழந்தைக்குக் கொடுத்தால் உற்சாகமாகச் செய்யும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் நாணயம் நேராக வாய்க்குப் போய்விடும், கொடுக்காதீர்கள்.

திரும்பி நடக்கும்போது சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். நடக்கிற குழந்தை என்றால் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் வழுக்கிவிடும். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத குழந்தை, பின்னால் எடுக்கும் வண்டியின் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. கார்களின் பின்பக்க வெள்ளை விளக்கைப் பார்த்துக்கொண்டே நடங்கள். அது எரிந்தால் அந்த வண்டி பின்னால் வரப்போகிறது.

‘இருபதடிதானே, குழந்தையைக் காரில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஓடி வந்துவிடுகிறேன்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே 27 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 37 டிகிரியைத் தொட்டுவிடும். இருபது நிமிடத்தில் 43-ஐ நெருங்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இருபதடி போய்வர ஒரு நிமிடம்தான் ஆகும், உண்மை. வழியில் தெரிந்தவர் பிடித்துக்கொள்வதும், கால் இடறுவதும், சாவி உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொள்வதும் அந்த ஒரு நிமிடத்தில்தான். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு வைப்பது இன்னும் மோசம். வண்டியை யாராவது ஓட்டிக்கொண்டு போனால் குழந்தையும் போய்விடும். குழந்தையைக் காரில் தனியே விடுவது சில நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

குழந்தை ஒன்றுக்கு மேல் என்றால் வரிசை அதேதான், கை மட்டும் போதாது. சின்னதை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியரில் மார்பில் வைத்து, நடுவிலதை டிராலி இருக்கையில் உட்கார வைத்து, பெரியதை டிராலியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து நடக்கச் சொல்லலாம். சாமான் ஏற்றும் நேரம்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது நம் கண் பையில் இருக்கும். அந்த நேரத்தில் பெரிய குழந்தை கை வைக்க வேண்டிய இடத்தைக் காரிலேயே ஒன்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூடி நல்ல இடம். ‘கை மூடி மேலே’ என்றால் அங்கிருந்து எடுக்கக் கூடாது. வீட்டு வாசலில் நிற்கும் காரில் நாலைந்து முறை பழக்கிவிட்டால் பார்க்கிங்கில் கத்த வேண்டியிருக்காது.

கைக்குழந்தையின் கார் சீட்டை டிராலியின் குழந்தை இருக்கை மேல் தூக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டால் பூட்டிக்கொண்டது என்று நினைக்கிறார்கள். அந்தக் கொக்கி கார் அடித்தளத்துக்காகச் செய்தது, டிராலிக் கம்பிக்காக இல்லை. கனம் முழுக்க உச்சியில் போய் உட்கார்வதால் சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் கவிழும். கேரியரே மேல். அது இல்லாவிட்டால், கார் சீட்டைப் பெரிய கூடைக்குள் ஆடாமல் வைத்துக்கொண்டு, சாமானுக்கு இடம் போதவில்லையென்றால் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் முடியாத நாள் உண்டு. கொட்டுகிற மழை, வாந்தி எடுக்கிற குழந்தை, டிராலி விடும் இடம் பார்க்கிங்கின் மறுகோடியில். அப்படிப்பட்ட நாளில் டிராலியை விட்டுப் போகிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடுகிற இடத்தை மட்டும் பார்த்து விடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தை ஒட்டிக் கோடுகள் போட்ட வெற்றிடம் இருக்கும். சும்மா கிடப்பதாகத் தெரியும். ஆனால் சக்கர நாற்காலி காரிலிருந்து இறங்க வேண்டியது அங்கேதான். அதில் ஒரு டிராலி நின்றால் அவர் இறங்கவே முடியாது. நடைபாதைச் சரிவிலும் விடக் கூடாது. முன் சக்கரத்தை நடைமேடை விளிம்பில் ஏற்றி வைத்துவிட்டுப் போவதும் நம்பகமில்லை. பலமாகக் காற்றடித்தால் இறங்கி உருளும், நிற்கிற கார்மேல் போய் மோதும்.

கடைக்குள் நுழையப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையோடு சாமான் ஏற்றி முடித்தவரைப் பார்த்தால், ‘டிராலியை நான் எடுத்துக்கட்டுமா?’ என்று கேளுங்கள். உங்களுக்கும் ஒரு டிராலி வேண்டும்தானே. கேட்காமல் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். குழந்தை இன்னும் அதில் இருக்கலாம்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் அதிகம். குடும்பங்களுக்கு என்று ஒதுக்கும் இடத்தை வாசலுக்கு அருகில் வைப்பதோடு நிறுத்தாமல், பக்கத்திலேயே டிராலி விடும் இடத்தையும் போடுங்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பாதிப் பயன்தான். டிராலி விடும் இடத்தின் நுழைவில் உயரமான விளிம்புக் கல் வேண்டாம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு சுமார் 25 கிலோ இரும்பை அதன் மேல் ஏற்ற முடியாது. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் பாதையைக் கடந்து சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. மாலையில் விளக்கு எரிய வேண்டும். குழந்தை பெல்ட்டுகளை வாரம் ஒரு முறை ஆள் வைத்துச் சோதித்து, அறுந்ததையும் கொக்கி உடைந்ததையும் அன்றே வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பெல்ட் இல்லாத டிராலியை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, ‘குழந்தைகள் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டுவதை ஏற்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்