அந்தமான் போவதற்கு முன்னால் பேரனைக் கிணற்றில் இறக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை முத்துசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். அது இருக்கட்டும். பேரனோடு அந்தமான் போகிறோம், கடலுக்குள் முகத்தை விட்டுப் பவளம் பார்க்க இந்த வயதில் முடியுமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் முடியும். போன வருசம் நான் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன்னிடம் சொல்லத்தான் காத்திருந்தேன்.

போர்ட் பிளேயருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பக்கத்தில் வண்டூர் என்ற ஊரிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் படகு விடுகிறார்கள். தேசியப் பூங்கா என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். வருசம் முழுக்கத் திறந்திருக்காது, விசாரித்துக்கொண்டு போ.

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஒன்று, வாயில் கவ்வ ஒரு குழாய். இவ்வளவுதான் சாமான். வாயால் நிதானமாக மூச்சு விட வேண்டும். உப்புத் தண்ணீர் தானே ஆளைத் தூக்கிக்கொள்ளும், கையைக் காலை அடிக்கத் தேவையே இல்லை. உன் மீசை வழியாகத் தண்ணீர் கசியும், அங்கே கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்.

அப்புறம் கீழே பார் மாப்பிள்ளை. பாறை என்று நினைப்பது அத்தனையும் உயிர். பொடிப்பொடி உயிரினங்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டிய வீடு அது. அவற்றின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி அது ஆக்கும் சாப்பாட்டில்தான் பவளம் பிழைக்கிறது, பெரும்பாலான நிறமும் அதனால் வருவதுதான். கடல் சூடேறினால் பாசி போய்விடும், பவளம் வெளுத்துப்போகும். 2010-இல் அந்தமானில் அப்படிப் பெருமளவு வெளுத்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் செத்துப்போகும்.

உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒன்றைப் பார்த்தேன். நம் அப்பாரு காலத்தில் முளைவிட்டதாக இருக்க வேண்டும். அதன் மேல் ஒருவர் ரப்பர் செருப்போடு ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்துவிட்டது. கூட வந்த படகுக்காரர் சத்தம் போட்டபிறகுதான் இறங்கினார்.

கிளி மூக்கு மாதிரி வாயுள்ள மீன்கள் பவளத்தைச் சுரண்டித் தின்னும். காதைக் கொடுத்துக் கேட்டால் கறுக் கறுக்கென்ற சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். அவை கழிக்கும் சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்துதான் அந்த வெள்ளை மணல். பேரனிடம் இதைச் சொல், விடமாட்டான்.

பவளத்தின் மேல் ஏறி நிற்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் பயம், காலுக்கு ஏதாவது தட்டுப்படாதா என்று தேடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், பையனைப் பழக்காமல் கூட்டிப்போகாதே. திருப்பூரில் அவனுக்குக் கிணறு ஏது? லீவு விட்டதும் இங்கே அனுப்பு. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நம் கிணறு படிக்கட்டு வரை ஏறிவிடும். மிதப்பதற்குக் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி இறக்கிவிடுகிறேன், நானும் கூடவே இறங்குகிறேன். முகத்தைத் தண்ணீரில் வைத்து அசையாமல் மிதக்கப் பழகிவிட்டால் போதும்.

வெயிலுக்குக் களிம்பு பூச வேண்டாம், அதில் சில வகை பவளத்துக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை எடுத்துவை. எந்தத் தேதியில் பையனை அனுப்புகிறாய் என்று எழுது, பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சின்னச்சாமி