மான் தடம் பார்க்கத் தெரிந்தவர்களை வனத்துறை பயன்படுத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வேட்டைக்குப் புதியவர்கள் மான் நடமாடும் நிலத்தை முன்கூட்டியே சுற்றிப் பார்த்துத் தடம் அறியும் முறையை விளக்கும் காணொளிகளை, அழகர்மலை அடிவாரத்து இளைஞர்கள் சிலர் கைப்பேசியில் ஆர்வத்துடன் பார்க்கிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே உரிமமும், நிலத்துக்காரரின் அனுமதியும், வேட்டைக்கெனக் குறித்த பருவமும் உண்டு. இங்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிக்கப் பார்ப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டையே ஆகும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தனிக் குற்றம்.

எனினும் தடம் பார்க்கும் அறிவை வேட்டைக்காரருக்கே உரியது என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் கிடை ஆட்டுக்காரர்கள் பலருக்கு அது காலங்காலமாகக் கைவந்த ஒன்று. புழுக்கையை மட்டும் பார்த்தால் வெள்ளாடா, புள்ளிமானா என்று குழப்பம் வரும். ஆட்டின் குளம்படி முனை மழுங்கிப் பதியும், மானின் குளம்படி ஒடுங்கி முன்புறம் கூர்ந்திருக்கும் என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். கொம்பு உரசிய மரப்பட்டை, கடமான் புரண்ட சேற்றுப் பள்ளம், நுனி கடித்த தளிர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே வழித்தடத்தை முடிவு செய்வார்கள். கோடையில் ஓடைகள் வற்றியதும் இத்தடங்கள் எஞ்சிய நீரை நோக்கித் திரும்பும். கண்ணி வைப்பவன் தேடுவதும் அந்த இடத்தைத்தான், தண்ணீர்த் தொட்டி வைப்பவர் அறிய வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

தண்ணீர் தேடி ஊருக்குள் இறங்கும் மான்கள் நாய்களிடம் சிக்குவதும், தடுப்புச் சுவரில்லாத கிணறுகளில் விழுவதும் கோடைதோறும் கேள்விப்படும் செய்திகளாகிவிட்டன. ஆகவே அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் ஆர்வமுள்ள இளைஞர்களையும் அனுபவமுள்ள ஆட்டுக்காரர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுடன் இணைத்து, பங்குனிக்கு முன்பே தடங்களைக் குறிக்கச் செய்யலாம். தொட்டிகள் லாரி எளிதில் போய்வரும் இடத்தில் அல்லாமல், மான் வரும் இடத்தில் அமைய அது உதவும். கண்ணிகள் கண்ணில் பட்டால் உடனே தகவலும் கிடைக்கும்.

கடலைக் காட்டில் இரவில் இறங்கியது மானா, காட்டுப்பன்றியா என்று மறுநாள் காலையிலேயே தடம் பார்த்துச் சொல்ல ஊரில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், விவசாயியின் இழப்பீட்டு மனுவும் விரைவாக நகரும். மாவட்ட வன அலுவலர் இதனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்.