உளவாளியின் கார் மிலானில் வரையப்பட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உளவாளிப் படங்களில் வரும் கார்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். இந்த மாதிரி விஷயங்களுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் முழுப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டுரை முழுக்க இத்தாலி வெறும் பின்னணித் திரையாகத்தான் வருகிறது: உளவாளி பிரிட்டிஷ்காரர், கார் பிரிட்டிஷ் கார், சுற்றிலும் அழகாக ஒரு பழைய ஊர், அவ்வளவுதான். அந்தக் காரின் உருவத்திலும், அந்த ஆள் போட்டிருக்கும் கோட்டிலும், நாலு பேர் பார்க்க அவர் வந்து இறங்கும் தோரணையிலும் இத்தாலிய நகரம் எவ்வளவு ஊறிக் கிடக்கிறது என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் காரையே எடுத்துக்கொள்வோம். 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரை 'அசல் பிரிட்டிஷ் அழகு' என்று படத்துக்கு அடியில் போட்டிருந்தீர்கள். அந்தக் காரின் பானெட்டைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று சாய்வெழுத்தில் ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். அது மிலான் நகரத்தில் 1926-இல் தொடங்கிய கரோட்சேரியா டூரிங் என்ற பட்டறையின் முத்திரை. மெல்லிய இரும்புக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, காரின் உருவத்துக்கு ஒரு கூடு கட்டி, அதன் மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ஓரங்களை மடித்துவிடுவது அவர்கள் கண்டுபிடித்த முறை. எடை குறையும், தகடு எந்த வளைவுக்கும் இணங்கும். 1958-இல் வந்த டிபி4 காரின் உடலை வரைந்தது அவர்கள்தான், டிபி5 அதிலிருந்து வளர்ந்தது. ஆஸ்டன் மார்ட்டின்காரர்கள் உரிமம் வாங்கி இங்கிலாந்தில் நியூபோர்ட் பேக்னலில் வைத்துக் கட்டினார்கள், என்ஜினும் அவர்களுடையது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறுபது வருஷமாக உலகமே மயங்கிப் பார்க்கும் அந்த உருவம் மிலான்காரர்கள் கையில் பிறந்தது. அந்தப் பட்டறை 1966-இல் மூடப்பட்டுவிட்டது, அப்போது அந்த கார் புகழின் உச்சியில் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

1977-இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' பாண்ட் படத்தில் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறிய லோட்டஸ் எஸ்ப்ரிட் காரும் அப்படித்தான். அதை வரைந்த ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ இத்தாலியின் துரின் நகரப் பட்டறைகளில் தொழில் பழகியவர், அந்தக் காட்சியில் வரும் மலைச் சாலைகள் சார்டினியா தீவில் இருப்பவை.

துரின் என்றதும் இன்னொன்று. 1899-இல் ஃபியாட் தொடங்கியது அந்த ஊரில்தான், 1923-இல் அங்கே லிங்கோட்டோ தொழிற்சாலை திறந்தபோது அதன் அமைப்பே தலைகீழாக இருந்தது. தரைத்தளத்தில் இரும்பும் தகடும் உள்ளே போகும், தளம் தளமாக மேலே ஏற ஏற கார் உருவாகும், ஐந்து தளம் தாண்டி மொட்டை மாடிக்கு வந்தால் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சோதனை ஓட்டப் பாதை, இரண்டு முனையிலும் சாய்வான வளைவோடு! ஊருக்கு நடுவில், வீடுகளின் கூரைக்கு மேலே கார் பறந்துகொண்டிருக்கிறது. 1969-இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தில் மினி கார்கள் ஓடும் மாடி அதுதான். அது உளவுக் கதை இல்லை, கொள்ளைக் கதை, சரி, ஆனால் கட்டடத்துக்குள்ளும் மாடியிலும் படிக்கட்டிலும் கார் ஓட்டும் அந்தத் துணிச்சல் அப்புறம் வந்த எத்தனையோ உளவுப் படங்களில் தெரிகிறது.

கட்டுரையாளர் தொடவே தொடாத இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். இத்தாலிய ஊர்களில் சாயங்காலம் வேலை முடிந்து, உடை மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடு சதுக்கத்துக்கு வந்து மெதுவாக உலாத்துவது காலங்காலமாக இருக்கிற பழக்கம். யார் யாரோடு வந்தார், யார் கார் எந்த வாசலில் நின்றது, புதிதாக வந்திருப்பவர் எந்த மேசையில் உட்கார்ந்தார், எல்லாமே நாலு கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஓர் உளவாளி ஒளிந்து திரிய முடியாது. நிஜ உளவாளி மங்கலான கோட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத காருமாகத்தான் வேலை பார்ப்பார். கதையில் வருகிறவரோ ஊரே பார்க்கும்படி வந்து இறங்குகிறார், பணக்காரப் பயணி என்று ஊர் அவரை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நன்றாக உடுத்தி, நன்றாக நடந்து, நன்றாக ஒரு காரை நிறுத்துவது மரியாதையின் ஒரு பகுதி என்று நினைக்கும் நகரங்களிலிருந்துதான் அந்தத் தோரணை வந்தது என்பது என் எண்ணம். 1995-இலிருந்து 2006 வரை ஜேம்ஸ் பாண்ட் போட்ட கோட்டுகளைத் தைத்தது 1945-இல் ரோமில் தொடங்கிய பிரியோனி. 1950களின் கடைசியில் அதே ரோமின் வியா வெனெத்தோவில் நடிகர்களின் கார்களை ஸ்கூட்டரில் துரத்தித் துரத்திப் படம் எடுத்தார்களே, அந்தப் புகைப்படக்காரர்களின் இரவுகளில் ஒரு உளவுக் கதைக்கு வேண்டிய எல்லாமே இருந்தது: மறைந்து நிற்பது, பின்தொடர்வது, கேமரா, துரத்தல்.

துரத்தல் காட்சிகளைப் பற்றி ஒரு குறை. 2008-இல் வந்த 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' பாண்ட் படம் கார்தா ஏரிக்கரையில் தொடங்குகிறது, நடுவில் கராரா பளிங்குக் குவாரி, முடிவில் சியேனா. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மணிக்கணக்கில் தள்ளி இருக்கிற இடங்கள். படத்தில் அப்படிக் காட்டுவது அவர்கள் வசதி, ஆனால் கட்டுரையும் மூன்றையும் சேர்த்து 'ஓர் இத்தாலிய நகரம்' என்று எழுதலாமா? துரத்தி வரும் ஆல்ஃபா ரோமியோ காரின் சின்னத்திலேயே மிலான் நகரத்தின் சிவப்புச் சிலுவையும் அந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தின் பாம்பும் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு ஊரும் தன் அடையாளத்தை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சியேனா தன் மையப்பகுதியை 1960களிலேயே கார்களுக்கு மூடிவிட்ட ஊர். இன்று இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் இதே கதைதான். தெருமுனையில் சிவப்பு வளையப் பலகை, பக்கத்தில் மின் எழுத்தில் 'வார்கோ ஆத்திவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம், அனுமதி இல்லாமல் தாண்டினால் நம்பர் பிளேட்டைப் படித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். கழுதையும் கைவண்டியும் போக வெட்டிய சந்துகள் அவை, கல் பாவிய தரை மழையில் வழுக்கும், ஒரு கார் நுழைந்தால் நடந்து வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நெருக்கடிதான் துரத்தலுக்கு உயிர் கொடுக்கிறது, அகலமான நெடுஞ்சாலையில் இதே வேகம் பாதி கூட மிரட்டாது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் காரை வெளியே விட்டுவிட்டு நடப்பதால்தான் அந்தச் சந்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினால் நியாயமாக இருக்கும்.

கடைசியாக, தெற்கு இத்தாலியில் இருக்கும் மத்தேரா. 2021-இல் வந்த 'நோ டைம் டு டை' பாண்ட் படத்தில் டிபி5 சுழன்று சுழன்று சுடும் சதுக்கம் உள்ள ஊர். அதைக் 'காலம் தொடாத ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள், இது தவறு. அங்கே குகை வீடுகளில் தண்ணீர் வசதி இல்லாமல் வாழ்ந்த ஏறத்தாழ 15,000 பேரை 1952-இல் ஒரு சட்டமே போட்டு வெளியேற்றினார்கள், ஊரின் அந்தப் பகுதி வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது, 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2019-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரானது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மத்தேரா பற்றிய வரிக்கும் டிபி5 படக்குறிப்புக்கும் ஒரு திருத்தம் போடுங்கள், டூரிங் பட்டறையின் பெயரையும் ஜுஜாரோவின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். இடம் இருந்தால் லிங்கோட்டோ மாடியின் பழைய புகைப்படம் ஒன்றையும் பெரிதாகவே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்