பொருள்: மறுகட்டுமானத்துக்காக வீடு காலி செய்பவர்களுக்கு வாடகை வீடு கிடைக்க வாரியமே பொறுப்பேற்கக் கோருதல்

அனுப்புநர்:
திட்டப்பகுதிக் குடியிருப்போர்,
வடசென்னை.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்,
காமராஜர் சாலை, சென்னை-5.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வாரியக் குடியிருப்பின் பழைய பிளாக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடியிருப்பு இடிந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, காலி செய்ய மாட்டோம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

காலி செய்யும் குடும்பத்துக்கு வாடகை உதவியாக ஒரே தவணையில் தரும் கருணைத் தொகையை அரசு 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தியது. அதற்கு நன்றி. கணக்கு மட்டும் இடிக்கிறது. மாதம் 6,000 வாடகையில் ஒரு ரூம், கிச்சன் கிடைத்தாலும், ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் அதற்கே 36,000 வேண்டும்.

சரி, கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்றாலும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே. எங்கள் பிளாக் பெண் ஒருவர் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தார். பேச்செல்லாம் முடிந்து ஆதார் அட்டையைக் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா முகவரியைப் படித்துவிட்டு, "போர்டு வீட்டு ஆளுங்களா? என் தங்கச்சி பையன் வர்றதா சொல்லியிருக்கான்மா" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'வீடு வாடகைக்கு' பலகை அந்த கேட்டில் இன்னும் தொங்குகிறது.

வீட்டுக்காரர்களின் பயம் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டோம். கட்டட வேலை இழுத்துக்கொண்டே போனால் இவர்கள் எப்போது காலி செய்வார்கள், நடுவில் வாடகை நின்றால் யாரைக் கேட்பது என்பது நியாயமான பயம். ஆனால் 'அந்த ஏரியா ஆளுங்க' என்று முகவரியைப் பார்த்துத் தள்ளுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்த நியாயமான பயத்தை வாரியத்தால் போக்க முடியும். வீட்டுக்காரர், குடியிருப்பவர், வாரியம் என மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் போடுங்கள். அட்வான்ஸுக்கு வாரியம் உத்தரவாதம் தரட்டும். வாடகை உதவியை ஒரே தவணையாகக் கொடுக்காமல், புது வீட்டுச் சாவி எங்கள் கைக்கு வரும் வரை மாதாமாதம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அரசுப் பணம் தேதி தவறாமல் வந்தால் எந்த வீட்டுக்காரருக்குக் கசக்கும்?

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்' என்றும் சொல்கிறது. அந்த ஒரு வரியில் எல்லாரும் தப்பித்துக்கொள்கிறார்கள். வாரியம் போடும் ஒப்பந்தத்திலாவது மூன்று மாதம் என்றே இருக்கட்டும். அப்புறம், இந்த ஏற்பாட்டுக்குப் பிறகும் வாரியக் குடியிருப்பு என்ற ஒரே காரணத்துக்காக வீடு மறுப்பதைத் தடுக்கும் விதி ஒன்றை வாடகைச் சட்டத்தில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு தெருத்தெருவாக வீடு தேட முடியாது. ஆகவே காலி செய்யும் தேதியை அறிவிக்கும் முன்பே, வாடகைக்கு விடச் சம்மதிக்கும் வீட்டுக்காரர்களின் பட்டியலை எங்கள் பகுதி அலுவலகத்தில் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பில்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)
இடம்: சென்னை