பெயரைத் திரும்பச் சொன்னால் என்ன குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது அழகில்லை, முதல் தடவை பெயரை எழுதிவிட்டுப் பிறகு ஹீ, ஷீ, இட், தே என்று பிரதிப்பெயரைப் போடுங்கள் என்று அதில் இருந்தது. நாங்கள் படித்த காலத்திலும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள், பிரம்போடு. பிழையென்று சொல்ல வரவில்லை, அரைவாசி சரி. மற்ற அரைவாசியைச் சொல்லாமல் விடுவதால் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் என் மேசையில் பார்க்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், ரீலோட், அதோடு சனத்துக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பது. தமிழில் எழுதினாலும் ஏற்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் போனால் கொழும்பில் கெதியாகப் பார்ப்பார்கள் என்று சனம் நம்புகிறது, நானும் அந்த நம்பிக்கையில் சோறு தின்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தர்மபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். காணிப் பிரச்சினை. கணவர் இப்போது இல்லை. இடம்பெயர்ந்த நேரத்தில் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் ரைப் பண்ணினேன். அவர் சொன்ன வசனம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "தம்பி, இவர் தன்ரை பேர்மிற்றைத் தம்பியாரிட்டைக் குடுத்திட்டு, கடைசி மட்டும் அவற்றை வீட்டிலைதான் இருந்தவர்." பேர்மிற் என்பது காணிக்கு அரசாங்கம் கொடுக்கும் அனுமதிப் பத்திரம். தமிழில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. இவர் என்றால் அந்த அம்மாவின் வாயில் உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். தன்ரை என்றால் அந்த இவருடையது. அவற்றை என்றால் மற்றவருடையது. நான் அதை ஆங்கிலத்தில் எழுதியது இப்படி: "ஹீ கேவ் ஹிஸ் பேர்மிற் டு ஹிஸ் பிரதர் அன்ட் ஹீ லிவ்ட் இன் ஹிஸ் ஹவுஸ்." அழகாகத்தான் இருந்தது. பெயர் ஒரு தடவையும் திரும்ப வரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. யார் யாருடைய வீட்டில் இருந்தது, தெளிவுபடுத்தவும். அம்மா அந்தக் கடிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திரும்ப வந்து, "ஏன் தம்பி, நான் சொன்னது அவைக்கு விளங்கேல்லையோ" என்று கேட்டார். "நீங்கள் வடிவாத்தான் சொன்னீங்கள் அம்மா, நான்தான் பிழையா எழுதிப்போட்டன்" என்றேன். காசு வாங்காமல் திருப்பி எழுதினேன். இந்தத் தடவை கணவரின் பெயர் நாலு இடத்தில், தம்பியாரின் பெயர் நாலு இடத்தில். ஆங்கிலப் பாட வாத்தியார் பார்த்தால் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருப்பார். அதற்குப் பிறகு அங்கிருந்து கேள்வி வரவில்லை.

பிழை எங்கே என்று யோசித்துப் பார்த்தால், எங்கள் மொழியின் வசதிதான் எங்களைக் கெடுக்கிறது. தமிழில் தான், தன் என்று ஒன்று இருக்கிறது, அது எழுவாயைப் பிடித்துக்கொண்டு விடாது. "ரவி சிவாவிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்" என்றால் சைக்கிள் ரவியுடையது, "அவன் சைக்கிளை" என்றால் சிவாவுடையதாகவோ வேறொருவனுடையதாகவோதான் எடுப்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஹிஸ். அதோடு எங்கள் வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடும். வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்றால் போதும், நான், அவள், அவர்கள் எல்லாம் தேவைப்பட்டால்தான். ஆங்கிலத்தில் கேம் என்று விட்டால் யார் வந்தது என்று தெரியாது, கட்டாயம் ஒரு ஆளை முன்னால் நிறுத்த வேண்டும். மழைக்குக்கூட ஒரு ஆள் வேண்டும் அவர்களுக்கு. "இட் இஸ் ரெய்னிங்" என்பதில் இட் யார் என்று ஒரு பெடியன் என்னிடம் கேட்டான். யாருமில்லை, அது காலி நாற்காலி, ஆனால் நாற்காலி இருக்க வேண்டும் என்று சொன்னேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. "எங்கட அப்பா, அவர் கமக்காரன்" என்று பேசிப் பழகி "மை ஃபாதர் ஹீ இஸ் எ ஃபாமர்" என்று எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்பா ஏற்கெனவே நாற்காலியில் இருக்கிறார், அவர் மடியில் ஏன் ஒரு ஹீ?

இப்போது பிள்ளைகள் என்னிடம்கூட வருவதில்லை, ஃபோனில் தமிழைப் போட்டு ஆங்கிலமாக எடுத்துவிடுகிறார்கள். அச்சடிக்க மட்டும் வருவார்கள். போன மாதம் ஒரு ஆசிரியைக்கு விசாவுக்கான கடிதம், மகன் ஃபோனில் மாற்றிக்கொண்டு வந்தது. தமிழில் முழுக்க மரியாதையாக அவர், அவர் என்று இருந்திருக்க வேண்டும், ஃபோன் எல்லாவற்றையும் ஹீ ஆக்கிவிட்டது. நடுவில் கணவர் கனடாவில் இருக்கிறார் என்று வரும் இடத்தில் "ஹிஸ் ஹஸ்பன்ட்". பெடியனுக்குக் காட்டினேன், சிரித்து முடித்துவிட்டு முகம் வெளிறிப்போனான், ஏனென்றால் ஒரு பிரதி ஏற்கெனவே போய்விட்டது. அவர் என்பது ஆணா பெண்ணா என்று சொல்லாத சொல், ஃபோனுக்கு அது தெரியாது, அனேகமாக ஆண் என்று ஊகித்துவிடும். மனுசரும் அப்படித்தான் செய்கிறோம். எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர், ஒரு பெண், ஆனாலும் விதானையார் என்று வந்தவுடன் விரல் தானாக ஹீயைத் தேடுகிறது. ஆங்கிலேயருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. சட்டங்களில் ஆண்பாற் சொல் வந்தால் அது பெண்ணையும் குறிக்கும் என்று 1850 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது.

ஆள் யாரென்றே தெரியாத இடத்தில் என்ன செய்வது? "யாரோ தமது குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்பதற்கு ஹிஸ் போடுவதா ஹேர் போடுவதா? ரியூசன் கொடுக்கும் ஒருவர் என் கடைக்கு வருவார், "தே எண்டால் பன்மை, ஒரு ஆளுக்குப் போட்டால் புள்ளி இல்லை" என்று பிடிவாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவரைக் குறித்துத் தே வருவதற்கு ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி 1375 ஆம் ஆண்டளவிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறது. ஆணென்றோ பெண்ணென்றோ தம்மைச் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒருவருக்கும் இப்போது அந்தச் சொல்லைப் போடுகிறார்கள், 2019 இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி தே என்பதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தது. இதில் தமிழருக்கு அதிசயம் என்ன இருக்கிறது? பழந்தமிழில் அவர் என்பதே பன்மைதானே. மரியாதைக்காக ஒரு ஆளுக்குப் போட்டுப் போட்டு ஒருமையாகி, பிறகு பலருக்கென்று அவர்கள் வந்தது. ஆங்கிலத்தின் யூவும் ஒரு காலத்தில் பன்மைதான், ஒருமைக்கு தௌ என்று ஒன்று இருந்து வழக்கொழிந்தது. இவ்வளவும் அவருக்குச் சொன்னேன், "அதுக்குப் புள்ளி போடமாட்டினம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, பரீட்சைக்கு அவர் சொல்வது போல எழுதுங்கள்.

வீ என்ற சொல்லால் வந்த வில்லங்கம் ஒன்று. ஒரு கமக்காரர் அமைப்பு, இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்கால் உடைந்திருக்கிறது, சிறுபோகத்துக்கு முன் திருத்த வேண்டும் என்று ஒரு அலுவலகத்துக்கு எழுதினார்கள். கடிதத்தில் இருந்தது "வீ மஸ்ட் ரிப்பெயார் இட்". அவர்கள் மனதில் இருந்தது நாம், அதாவது நீங்களும் நாங்களும் சேர்ந்து. வாசித்தவர் நாங்கள் என்று எடுத்தார். நல்லது, செய்யுங்கள் என்று பதில் வந்தது! பேச்சில் நாங்களும் இரண்டுக்கும் பெரும்பாலும் நாங்கள் என்றே சொல்கிறோம், ஆனால் எழுத்தில் எங்களிடம் இரண்டு சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒன்றுதான். ஆகவே யார் யார் என்று எழுதிவிட வேண்டும்: எங்கள் அமைப்பும் உங்கள் அலுவலகமும்.

ஈழத்தமிழருக்கு மட்டும் இன்னொரு இழப்பு உண்டு, உது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு அனேகமாகப் போய்விட்டது, எங்களிடம் உதுவும் உவரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். "உதைப் பற்றித்தான் கேக்கிறன்" என்றால் நீங்கள் இப்போது சொன்ன விசயம், உங்கள் கையில் இருக்கிற கடிதம். ஆங்கிலத்தில் திஸ், தட் இரண்டுதான். அதனால் பிள்ளைகள் ஒரு முழுப் பந்தி எழுதிவிட்டு "திஸ் இஸ் எ பிக் ப்ரொப்ளம்" என்று முடிக்கிறார்கள். எது பிக்? தண்ணீரா, பணமா, அதிகாரியா? திஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டால் தீர்ந்தது: திஸ் டிலே, திஸ் டமேஜ்.

ஐ போடுவதா மீ போடுவதா என்ற சந்தேகத்துக்கு, கூட வரும் ஆளை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், காது சொல்லும். உடைமையைச் சொல்லும் இட்ஸுக்கு மேலே கொம்பு, அதாவது அப்போஸ்ட்ரஃபி, இல்லை, ஹிஸ்ஸுக்கு இல்லாதது போலத்தான்.

ஒரு விசயத்தை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். ஒரு தாய், மகனைப் பற்றி முன்பு எங்கோ கொடுத்த ஆங்கில வாக்குமூலத்தின் பிரதியைப் போட்டோக்கொப்பி அடிக்கக் கொண்டுவந்தார். வேறு யாரோ எழுதிக் கொடுத்தது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கீழே தமிழில் கையெழுத்து. ஒரு பந்தியில் 11 ஹீ இருந்தது. அதில் மகன் இருக்கிறார், மகனோடு போன கூட்டாளி இருக்கிறார், அவர்களை ஏற்றிக்கொண்டு போனவர் இருக்கிறார். கடைசியாகக் கண்டது எந்த ஹீயை என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் தமிழில் கேட்டேன். ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார், மகன் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார், மற்றவர் எந்தப் பக்கம் போனார் என்பது வரைக்கும். ஒவ்வொரு ஹீக்கும் மேலே பேனாவால் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடிதத்தை அச்சடிக்க முன் வந்தவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு ஹீயையும் ஷீயையும் தேயையும் விரலால் தொட்டு "இது ஆர்?" என்று தமிழில் கேட்பேன். பதில் சொல்ல அவர் ஒரு கணம் தயங்கினால், அல்லது நான் தயங்கினால், அந்த இடத்தில் பெயர் போகும். ஒரு பக்கக் கடிதத்துக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் எடுக்கும், பின்னால் போட்டோக்கொப்பிக்கு நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

உங்கள் மாணவர் பக்கத்திலும் இப்படி ஒரு பயிற்சி போடலாமே. பெயரை எடுத்துவிட்டு ஹீ போடச் சொல்லும் பயிற்சி போதும் போதும் என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் ஹீ நிறைந்த ஒரு கடிதத்தைக் கொடுத்து, எந்தெந்த இடத்தில் பெயர் திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். கடிதம் இல்லையென்றால் சொல்லுங்கள், அந்தக் காணிக் கடிதத்தின் முதல் பிரதி, நான் பிழையாக எழுதியது, இன்னும் கொம்பியூட்டரில் கிடக்கிறது. பெயர்களை மாற்றி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொமினிகேசன் கடைக்காரன்,
கிளிநொச்சி.